சகுந்தலா அக்காவின் பெயரில் ஊதப்பட்ட மூச்சு

மே 19, செவ்வாய்க்கிழமை, காலை 7.25. எண்ணிக்கை: நான்கு.

ஒரே மூச்சில் எத்தனை வரை சத்தமாக எண்ண முடிகிறது என்று பார்ப்பது, கருவி இல்லாத இடத்தில் நுரையீரலை அளக்க ஒரு மலிவான வழி. நல்ல நுரையீரல் முப்பதைத் தாண்டும். சகுந்தலா அக்காவின் வீட்டில் அதைச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். அவருடைய தங்கை வசந்தா அக்கா போனில் அழவில்லை. அளவைச் சொன்னார்.

"பாய், அக்கா போயிடுச்சி. விடியக்காலம் எண்ணச் சொன்னேன். நாலு வரைக்கும் வந்துச்சி. அஞ்சு வரல."

கோட்டக்குப்பத்தில் எங்கள் வீட்டு வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துணியை அங்கேயே போட்டுவிட்டு, நான் வேலை செய்யும் ஆராய்ச்சித் திட்டத்தின் வாட்ஸப் குழுவில் செய்தியை மட்டும் தட்டிவிட்டுக் கிளம்பினேன். மரக்காணம் போய்ச் சேர்வதற்குள் பதினொரு கும்பிடு படங்கள் வந்திருந்தன. திட்டத் தலைவரான பெரிய டாக்டர் மட்டும் எழுத்தில் எழுதியிருந்தார்: "பங்கேற்பாளர் 47-இன் மறைவுக்கு ஆழ்ந்த இரங்கல்."

நாற்பத்தேழுக்குப் பெயர் உண்டு. சகுந்தலா. வயது நாற்பத்து மூன்று. இருபது ஆண்டுகளுக்கு மேல் மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்தவர். பிள்ளைகள் இல்லை. கணவர் விட்டுப் போனவர், அதைப் பற்றி அக்கா என்னிடம் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்: "காத்தடிச்சா போற ஆளு, போயிட்டான்." வசந்தா அக்காவோடு ஒரே வீட்டில் இருந்தார்.

இறந்தவர்களைப் பற்றி எழுதும்போது மாறாத புன்னகை, பொறுமையின் வடிவம் என்றெல்லாம் எழுதுகிறார்கள். சகுந்தலா அக்கா பொறுமைசாலி அல்லர். புன்னகை நான் பார்த்தது மூன்று முறை, மூன்றும் என்னைக் கிண்டல் செய்தபோது. ஊரில் பாதிப் பேருக்கு அவரைப் பிடிக்காது. அவருக்கு ஊரில் முக்கால்வாசிப் பேரைப் பிடிக்காது. அதில் எனக்குக் குறையாகச் சொல்ல ஒன்றுமில்லை.

நான் மூச்சளவுத் தொழில்நுட்பர். காசநோய்க்கு ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டுக் குணமானவர்களின் நுரையீரல் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று ஒரு குழாயில் ஊதச் சொல்லி அளப்பது என் வேலை. எங்கள் திட்டத்தின் கேள்வி எளிது. கிருமி ஒன்று, மாத்திரை ஒன்று, மாதம் ஆறு. ஒருவர் முழு நுரையீரலோடு எழுந்து போகிறார், இன்னொருவர் பாதியோடு. ஏன்? கிருமி மட்டுமே நுரையீரலைக் கெடுப்பதில்லை. கிருமியோடு சண்டை போடும் உடம்பும் கெடுக்கிறது. நுரையீரலின் நாரை அரிக்கும் நொதி ஒன்று உண்டு. மரபணுவில் ஒரு சின்ன மாற்றம் இருந்தால் சிலர் உடம்பில் அது அளவுக்கு மேல் சுரக்கும். திருடனை அடிக்கப் போய் வீட்டுச் சுவரை இடித்துக்கொள்வது போல. அந்த மாற்றம் யாரிடம் இருக்கிறது, அவர்களின் மூச்சு எவ்வளவு குறைந்திருக்கிறது என்று ரத்தத்தையும் ஊதலையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் திட்டம். நல்ல கேள்வி. கேட்ட விதம்தான் கேவலம். அதில் என் பங்கை மறைக்கப் போவதில்லை.

போன ஆண்டு பிப்ரவரியில் எங்கள் வேன் உப்பளத்துக்குப் போனது. ஒரு நாளில் நான்கு இடங்கள் முடிக்க வேண்டும். ஒவ்வொருவரிடமும் அடையாள அட்டை கேட்டு, அதை அவர்கள் வீட்டிலிருந்து எடுத்து வரும்வரை நிற்க எனக்குப் பொறுமை இல்லை. மேஸ்திரியிடம் ஆள் வருகை நோட்டு இருந்தது. வாங்கினேன். யாருக்கெல்லாம் முன்பு டிபி இருந்தது என்ற என் பட்டியலோடு சேர்த்துப் பெயர்களை டிக் அடித்தேன். கூப்பிட்டேன்.

"சகுந்தலா!"

சேலைமேல் ஆண்பிள்ளைச் சட்டை, தலையையும் முகத்தையும் சுற்றிய துண்டு, கண் மட்டும் வெளியே. அங்கே எல்லாப் பெண்களும் அப்படித்தான் நிற்பார்கள். உப்பின் வெளிச்சம் முகத்தை எரிக்கும். வந்தவர் துண்டை வாயளவுக்கு இறக்கினார், குழாயைக் கவ்வினார், ஊதினார். திரையில் கோடு அம்புபோல் ஏறி, வழுக்கி, ஆறு விநாடியும் நின்றது. மூன்று முறை ஊதினார். மூன்றும் ஒன்றுபோல். மென்பொருள் 'தரம் ஏ' என்றது.

"சூப்பருக்கா," என்றேன், திரையைப் பார்த்துக்கொண்டே.

"அவ்ளோதானா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஊதியவர் வசந்தா.

இதை மோசடி என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மோசடி இல்லை. அந்த அளத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவருக்கு உடம்புக்கு முடியாவிட்டால் அவர் வீட்டிலிருந்து இன்னொருவர் போய் அவர் பெயரிலேயே நிற்பார். பெயர் கூப்பிட்டால் 'ம்' சொல்வார். பெயர் விழுந்தால் அடுத்த பருவத்துக்கு இடமில்லை. 'பேர் காக்கறது' என்பார்கள். அக்கா மாத்திரை சாப்பிட்ட ஆறு மாதமும் வசந்தாதான் அவர் பெயரைக் காத்துக்கொண்டிருந்தார். அன்று காலையும் காத்துக்கொண்டிருந்தார். நான் பெயரைக் கூப்பிட்டேன், 'ம்' சொன்னார். மேஸ்திரிக்கு இது தெரியும். ஊருக்கே தெரியும். தெரியாதவன் பட்டப்படிப்பு முடித்த நான் ஒருவன்தான்.

இரண்டாவது தவறு இன்னும் மோசம். முடிவுச் சீட்டுகளை ஒவ்வொருவர் கையிலும் தனித்தனியாகத் தர வேண்டும், விதி அது. நான் கட்டாகக் கட்டி மேஸ்திரியிடம் கொடுத்துவிட்டு வந்தேன். நேரம் மிச்சம்.

உண்மையான சகுந்தலா அக்காவை நான் முதலில் பார்த்தது மார்ச்சில், ஆரம்ப சுகாதார நிலையத்தில், ரத்தம் எடுக்கும் அன்று. நர்ஸ் ஊசியோடு நிற்க, அக்கா கையை நீட்டாமல் என்னைக் கேள்வி கேட்டார்.

"எந்த ஊருப்பா நீ?"

"கோட்டக்குப்பம்க்கா."

"பாயா? ஊரே துபாய்க்குப் போவுது. நீ என்னாத்துக்கு இங்க வந்து உப்பு அள்றவள ஊதச் சொல்ற? பாஸ்போட்டு கெடைக்கலியா?"

"கிடைச்சுது. போகல. கையை நீட்டுங்க."

"ரத்தம் எதுக்கு?"

மரபணு என்று தொடங்கி விளக்கக் கையேட்டில் இருப்பதை ஒப்பித்தேன். பாதியில் நிறுத்தினார்.

"தண்ணி ஒண்ணு, வெயிலு ஒண்ணு. ஆனா இந்தப் பாத்தியில உப்புக்கல்லு பெருசா வெளையும், பக்கத்துல மாவாட்டம் வரும். ஏன்? தரை வேற. அதானே?"

"அதேதான்."

"இதச் சொல்ல எதுக்கு இத்தினி பக்கம் புக்கு போட்டீங்க?" என்று கையை நீட்டினார்.

அந்தக் கையேட்டை எழுத ஒரு குழு இருந்தது. எட்டுக் கூட்டம் போட்டார்கள், முந்திரி பக்கோடாவோடு.

கட்டைப் பிரித்த மேஸ்திரி சீட்டுகளைப் படித்தார். மற்றவர் நோய் அவருக்கு எதற்கு என்று கேட்க நான் அங்கே இல்லை. ஏப்ரலில் அக்கா அளத்துக்குத் திரும்பினார். தலைச்சுமை முடியாது, பாத்தியில் உப்பு வாரும் வேலை மட்டும் கொடு என்று கேட்டார். மேஸ்திரி அந்தச் சீட்டை எடுத்துக் காட்டினாராம்.

"பேப்பர்ல நார்மல்னு போட்டிருக்குது. மிஷினே சொல்லுது. நடிக்காத, கூடையத் தூக்கு."

ஊதியது வசந்தா என்று மேஸ்திரிக்கும் தெரியும்; ஆனால் வாய்விட்டுச் சொன்னால் முதலாளி காதுக்குப் போய்ப் பெயர் விழும். ஒரே பெயரில் இரண்டு பேர் பிழைக்கிற வீடு அது. அக்கா கூடையைத் தூக்கினார். பாதி நுரையீரலோடு ஒரு பருவம் முழுக்கத் தூக்கினார். மூச்சு வாங்கிக் கரையில் உட்கார்ந்தால் மேஸ்திரி, "சகுந்தலாவுக்கு மிஷின் சர்ட்டிபிகேட் இருக்குது, எழுந்திரு" என்று எல்லார் முன்னாலும் சிரிப்பாராம். அவர் கையிலிருந்தது என் கையெழுத்து.

ஆகஸ்டில் புதுச்சேரியில் ஒரு ஓட்டலில் எங்கள் கூட்டம். திரையில் புள்ளிப் படம். அந்த மரபணு மாற்றம் உள்ளவர்கள் எல்லாரும் கீழே, மூச்சு குறைந்தவர்களாக. ஒரே ஒரு புள்ளி மட்டும் தனியாக உச்சியில். நாற்பத்தேழு. ரத்தத்தில் மாற்றம் தாய்வழி ஒன்று, தகப்பன்வழி ஒன்று என்று இரட்டையாக இருக்கிறது, நுரையீரலோ புத்தம் புதிது.

பெரிய டாக்டர் எழுந்தே நின்றுவிட்டார். "இந்தம்மா நமக்குத் தங்கம்! இவங்களை ஏதோ ஒண்ணு பாதுகாக்குது. அது என்னன்னு கண்டுபிடிச்சா போதும்."

கைதட்டினார்கள். நானும் தட்டினேன். ஒருவருக்காவது, போய் அந்த அம்மா எப்படியிருக்கிறார் என்று பார்த்துவிட்டு வரலாம் என்று தோன்றவில்லை. அவரைப் பாதுகாப்பது எது என்று கண்டுபிடிக்க மேலும் இரண்டு முறை ரத்தம் எடுக்க மட்டும் தோன்றியது. அந்த இரண்டு முறையும் போனது வேறொரு தொழில்நுட்பர். அக்கா படி ஏறுவதைப் பார்த்தும் அவர் எதுவும் எழுதவில்லை. படி ஏறுவதற்குப் படிவத்தில் கட்டம் இல்லையாம்.

அக்டோபரில் மழை தொடங்கி, அளத்தில் வேலை நின்றது. ஒரு நாள் அக்கா எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். பஸ் நிறுத்தத்திலிருந்து அலுவலகம் முந்நூறு அடி இருக்கும். நான்கு இடத்தில் நின்று நின்று வந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். உதடு நீலம். உட்கார்ந்து இரண்டு நிமிடம் மூச்சு வாங்கினார்.

"பாய், அன்னிக்கி ஊதுனது நானில்ல. வசந்தா."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. கத்தினேன். எட்டு மாதமாகத் தப்பான கணக்கு, தப்பான படம், கூட்டத்தில் கைதட்டல் எல்லாம் கண்முன்னால் வந்தன. "என்னாக்கா இது! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? ரத்தம் எடுத்த அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"

அவர் கத்தவில்லை. கத்துவதற்கு மூச்சு இல்லை.

"நீ பேரத்தானே கூப்புட்ட? ஆளயா கூப்புட்ட?"

தண்ணீர் எடுத்துவரப் போனேன்.

நவம்பரில் அவருக்கே மறுபடி மூச்சளவு எடுத்தேன். இங்கே தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஊதும்போது முதல் விநாடியில் இருமினால் அந்த ஊதல் செல்லாது. ஆறு விநாடி நீடிக்காவிட்டாலும் மென்பொருள் குறை சொல்லும். நுரையீரல் கெட்டவர் ஊதினால் இருமுவார், நீடிக்கமாட்டார். ஆக, நுரையீரல் கெட்டிருக்கிறது என்று இந்தக் கருவியிடம் நிரூபிக்க ஓரளவு நல்ல நுரையீரல் தேவை. மூன்று நாள், நாளுக்கு எட்டு முறை. அக்கா ஒவ்வொரு முறையும் இருமினார். கிடைத்த அளவு பாதிக்கும் கீழே. திரையில் ஒவ்வொரு முறையும் சிவப்பு எழுத்து: 'ஏற்கத்தக்கதல்ல. முயற்சி போதாது.'

"என்னா சொல்லுது உன் மிஷினு?"

"முயற்சி போதாதுன்னு சொல்லுதுக்கா."

குழாயைத் துடைத்து மேசையில் வைத்தார். "அத ஒரு நாளு கூடையத் தூக்கச் சொல்லு," என்றார். அப்போதுதான் மூன்றாவது முறை சிரித்தார்.

அன்று மாலையே பெரிய டாக்டரிடம் போனேன். ஊதியவர் வேறு ஆள், பதிவை நீக்க வேண்டும் என்றேன். கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்பா, ஏற்கத்தக்க பதிவுன்னு இருக்கிறது அது ஒண்ணுதான். இப்ப எடுத்தது எதுவும் தரத்துல தேறல. விதிப்படி பழசுதான் நிக்கும்."

"சார், அது வேற ஆளோட மூச்சு."

"அத நிரூபிக்க என்ன இருக்குது? அந்தம்மா சொல்றாங்க, அவ்வளவுதானே? கட்டுரை போகட்டும், அப்புறம் பார்ப்போம். ஒரு புள்ளிக்காக எதுக்கு இவ்வளவு டென்ஷன் ஆவுற?"

ஆகஸ்டில் தங்கம். நவம்பரில் ஒரு புள்ளி.

நான் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. மார்ச்சில் என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டியிருந்தது. கட்டுரை போகட்டும் என்று நானும் காத்திருந்தேன். இதை மென்மையான சொற்களில் எழுத முடியும், எழுத விருப்பமில்லை.

ஜனவரியில் அக்காவுக்கு மூச்சுத்திணறல் முற்றி, வசந்தா அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அங்கே கணினியில் டிபி பதிவு எண்ணைத் தட்டினால் எங்கள் அறிக்கை திறக்கும். திறந்தது. நுரையீரல் இயல்பு, தரம் ஏ. டாக்டருக்கு முன்னால் நூறு பேர் வரிசை. இயல்பு என்று ஏற்கெனவே எழுதியிருப்பவரை மறுபடி அளக்க அவருக்கு என்ன தலையெழுத்து? பதற்றத்தால் வரும் மூச்சுத்திணறல் என்று எழுதித் தூக்க மாத்திரை கொடுத்து அனுப்பினார். நுரையீரலுக்கான மருந்தும், ஆக்சிஜனும், மூச்சுப் பயிற்சியும் அடுத்த கட்டிடத்தில் இருந்தன.

அதற்கப்புறம் வாரம் ஒரு முறை அவர் வீட்டுக்குப் போனேன். பயிற்சிகளை நானே சொல்லிக்கொடுத்தேன். எண்ணச் சொன்னேன். பதினெட்டு, பதினைந்து, பதினொன்று. ஒரு நாள் வெளியே பைக்கை எடுக்கும்போது உள்ளிருந்து குரல் வந்தது: "பாய், என் பேருல இருக்குற அந்த நல்ல மூச்சு... அத எனக்குக் குடுக்க முடியாதா?" கிண்டல்தான். என்னால் சிரிக்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை பிற்பகல் அக்காவை எடுத்தார்கள். மே மாதம், பருவம் உச்சத்தில். உப்புக் குவியல்கள் வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தன. பாத்தியில் நின்றவர்கள் உப்பு வாரும் பலகையைக் கீழே வைத்துவிட்டுச் சாலைவரை வந்தார்கள். வந்தவர்களில் முகத்துண்டை அவிழ்த்தவர்கள் நான்கைந்து பேர். அவர்களுக்குத்தான் அவரைப் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

மேஸ்திரி மாலையோடு வந்தார். பெரிய மாலை. சுற்றி நின்றவர்களிடம் பேசினார்: "என்னா பண்றது? ஜீன்லயே இருக்குதாம்பா. டாக்டருங்க குடுத்த புக்குலயே எழுதியிருக்காங்க. அவங்க ரத்தமே அப்பிடி. நம்ம கையில என்னா இருக்குது?"

தலையாட்டினார்கள். தலையெழுத்து என்ற பழைய சொல்லைத் தூக்கிப்போட்டுவிட்டு அதே இடத்தில் ஜீனை உட்கார வைத்துவிட்டார்கள். எங்கள் திட்டம் இந்த ஊருக்குக் கொடுத்தது அது ஒன்றுதான்.

"ஜீன் கூடையைத் தூக்கி அவங்க தலையில வைக்கல, மேஸ்திரி," என்றேன்.

"ஏம்பா, சாவு வூட்ல என்னா பேச்சு இது?"

"சாவு வீட்லதான் இதப் பேசணும். சுவரு எவ்வளவு சீக்கிரம் இடியும்னு ஜீன் சொல்லும். இடியிற சுவத்துமேல கூடைய வெச்சது நீங்க. வைக்கலாம்னு சீட்டு எழுதிக் குடுத்தது நான்."

யாரோ என் தோளைப் பிடித்து இழுத்தார்கள். வசந்தா அக்கா. ஓரமாகக் கூட்டிப்போனார். நடுவில் மூன்று முறை இருமினார். ஊதுபத்திப் புகை என்றார். எத்தனை நாளாக என்று கேட்டேன். மூன்று வாரம்.

ஒரே தாய் தகப்பன் பிள்ளைகள். ஒரே வீடு. அக்காவிடம் இரட்டையாக இருந்த அந்த மாற்றம் தங்கையிடமும் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. கிருமி வந்திருந்தால், தரம் ஏ வாங்கிய அந்த நுரையீரலும் அக்காவுடையதைப் போலவே இடியலாம்.

"அக்கா, உங்க பேரைப் போட்டு நான் கடிதம் எழுதணும். ஊதுனது நீங்கன்னு. எழுதினா அளத்துல உங்களுக்கு இடம் போயிடும்."

முகத்துண்டின் நுனியால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"அது பேருலதான் நான் நின்னேன். பேருக்குரியவளே போயிட்டா, இன்னும் எதக் காக்கச் சொல்ற?" கொஞ்ச நேரம் இருமல். "எழுது. வசந்தான்னு எழுது. இருபத்தஞ்சு வருசமா ஒரு நோட்டுலயும் என் பேரு இல்ல. இதுலயாச்சும் இருக்கட்டும்."

சகுந்தலா அக்கா, உங்களுக்கு என் வணக்கம். மன்னிப்புக் கேட்டால் திட்டுவீர்கள் என்று தெரியும். போய் வாருங்கள். இனி செய்ய வேண்டியவை:

1. நாளை காலை ஏழு மணிக்கு வசந்தா அக்காவைப் பைக்கில் கூட்டிப்போய்ச் சளிப் பரிசோதனை, எக்ஸ்ரே. முடிவு வரும்வரை வேறு எதுவும் இல்லை.

2. பிப்ரவரி ஊதல் யாருடையது என்று என் கையெழுத்தோடும் வசந்தா அக்காவின் கைநாட்டோடும் திட்டத் தலைவருக்கும் நெறிமுறைக் குழுவுக்கும் கடிதம். கட்டுரை அனுப்பப்பட்ட பத்திரிகைக்கும் ஒரு படி. வாட்ஸப்பில் அல்ல, பதிவுத் தபாலில்.

3. நவம்பரில் 'முயற்சி போதாது' என்று தள்ளப்பட்ட இருபத்து நான்கு ஊதல்களையும் அச்செடுத்து அந்தக் கடிதத்தோடு இணைப்பது.

4. அன்று அந்த நோட்டைப் பார்த்து நான் கூப்பிட்ட முப்பத்தோரு பெயர்களுக்கும் வீடு வீடாகப் போய், ஊதியது யார் என்று கேட்பது. திட்டம் வண்டி தராது. பைக் இருக்கிறது.

5. வசந்தா அக்காவுக்கு நோய் உறுதியானால், சளியில் கிருமி இல்லை என்று முடிவு வந்த வாரமே மூச்சளவு. ஆறு மாதம் முடியட்டும் என்று காத்திருக்கப் போவதில்லை. இருமினால், இருமியதையும் எழுதுவேன்.

6. சீட்டை அவர் கையில் கொடுப்பது.